மா, வேம்பு, வாகை: தோட்டத்து மரத்தில் மச்சுத்தரையும் மேசையும்

கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்கு மரத்தரை போடுகிறேன் என்று சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். கிரானைட்டை வெட்டி வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புகிற மாவட்டம், பாலிஷ் போட்ட கல் வாசலிலேயே வந்து இறங்கும், எதற்கு மரம்? நியாயமான கேள்விதான். கீழ்வீட்டுக்கு நானும் கல்தான் போட்டேன். மரம் போட்டது மேலே இருக்கிற மச்சு அறைக்கு. அதன் அடியில் இருப்பது கான்கிரீட் இல்லை, தாத்தா காலத்துத் தேக்கு உத்திரங்கள். அதன்மேல் ஜல்லியையும் கல்லையும் ஏற்ற மனசு வரவில்லை. அப்புறம் ஒரு சாப்பாட்டு மேசை, ஒரு பெஞ்சு, ஒரு புத்தக அலமாரி.

எல்லாமே கடையில் வாங்காத மரம். காவேரிப்பட்டணம் பக்கம் சித்தப்பாவின் தோப்பில் காய்ப்பு விட்டுப்போன பெங்களூரா மாமரங்களை எடுத்தார்கள். வரப்பில் காற்றுக்குச் சாய்ந்த வேம்பு ஒன்று, கிணற்றோரம் வாகை ஒன்று, இவற்றோடு ஒரு புளியமரத்துப் பெருங்கிளை. மாமரத்தை வெட்டினால் எங்கே போகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்: சென்டரிங் பலகை, பழப்பெட்டி, மீதி சூளைக்கு விறகு. "மாமரத்துல மேசையா? ரெண்டு வருசத்துல மாவாக் கொட்டும் தம்பி" என்றார் எங்களுக்கு வழக்கமாக வேலை செய்யும் ஆசாரி. அவர் சொன்னது பொய்யில்லை, காயவைக்காத, மருந்து போடாத மாமரம் வண்டு துளைத்து அப்படித்தான் கொட்டும்.

தேக்கு நல்ல மரம், அதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் தேக்கை நாம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவதற்கு முக்கியக் காரணம், அது அரைகுறையாகக் காய்ந்திருந்தாலும் பெரிதாகக் கோணாமல் நிற்கும் என்பது. மற்ற மரங்களிடம் அந்தத் தயவு கிடையாது. அவற்றைச் சரியாகக் காயவைத்துவிட்டால், வீட்டுக்குள் வைக்கிற சாமானுக்குத் தேக்குக்கும் அவற்றுக்கும் உள்ள தூரம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. நான் பார்த்தவரை இந்த வேலையில் முக்கால்வாசி காயவைப்பதுதான், இழைப்பதும் பூட்டுவதும் பாலிஷும் மீதிக் காலில் அடங்கிவிடும்.

எந்த மரத்தை எதற்கு வைப்பது என்பதில் வீட்டுப் பெரியவர்களுக்கும் பங்கு உண்டு. நான் முதலில் வேம்பைத் தரைக்கு நினைத்திருந்தேன். "மாரியாத்தா மரத்தைத் தரையில போட்டு மிதிப்பியா?" என்று அத்தை ஒரு வார்த்தை கேட்டார், அத்தோடு வேம்பு அலமாரிக்குப் போய்விட்டது. ஒருவகையில் அதுதான் சரியான இடமும்கூட. வேம்பு மகோகனியின் குடும்பத்து மரம், வைரம், அதாவது மரத்தின் உள்கெட்டிப் பகுதி, நல்ல செம்பழுப்பு, கசப்பினால் வண்டு அவ்வளவாக அண்டாது, புத்தகம் வைக்க வேறென்ன வேண்டும்? அதன் தொல்லை நார் ஓட்டம். ஒரு அடுக்கு இந்தப் பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கு அந்தப் பக்கம் சாயும், இழைப்புளி ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய் மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வரும். இழைப்புளியின் பிளேடைத் தீட்டி மிக மெல்லிய சீவலாக எடுத்தால் சமாளிக்கலாம், இல்லையென்றால் உப்புத்தாளே கதி.

தரைக்கு வாகை. வாகை என்றாலே நம் பக்கம் மரச்செக்கு ஞாபகம் வரும். எண்ணெய் ஆட்டுகிற உரலுக்குத் தாங்குகிற மரம் காலடிக்குத் தாங்காதா? வைரப்பகுதி கரும்பழுப்பில் கோடு கோடாக ஓடும், எண்ணெய் தடவினால் பார்க்க வெகு அழகு. ஆனால் வெளிப்புற வெள்ளைப்பகுதி தடிமனாக இருக்கும், அதை வண்டு விடாது. இன்னொன்று, வாகைத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் கட்டாயம், துண்டைக் கட்டிக்கொள்வதெல்லாம் போதாது.

மேசைக்கும் பெஞ்சுக்கும் மா. கருவிக்கு இணங்கி வரும், அகலமான பலகை கிடைக்கும், வெளிறிய பழுப்பில் சில பலகைகளில் கருங்கோடுகள் ஓடும். அந்தக் கோடுகள் பூஞ்சை போட்டவை என்று தெரிந்தும் பட்டணத்தில் அதற்கு அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். புளியின் வைரம் இரும்பு மாதிரி, ஆனால் கொஞ்சம்தான் இருக்கும், சுற்றிலும் மஞ்சள் வெள்ளை. அதில் ஆப்பும் முளைக்குச்சியும் செதுக்கிக்கொண்டேன், ஒரு துண்டு அம்மாவின் அரிவாள்மணைக்குப் போனது. தைலமரத்தைச் சிலர் சிபாரிசு செய்தார்கள், சும்மா கொடுத்தாலும் தரைக்கு வேண்டாம் என்பதுதான் என் கட்சி, முறுக்கிக்கொள்கிற மரம் அது. பூவரசும் பலாவும் கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

சொந்தப் பட்டா நிலத்து மரம்தானே என்று கோடரியைத் தூக்குவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. சந்தனம் போன்றவை உங்கள் நிலத்தில் நின்றாலும் உங்கள் இஷ்டத்துக்கு இல்லை. மலைப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு 1955-லேயே மரப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது.

வெட்டியது தை, மாசியில். தேய்பிறையில் வெட்டினால் வண்டு பிடிக்காது என்று ஆசாரி நாள் பார்த்தார், நானும் மறுக்கவில்லை, தேய்பிறையால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. என் கணக்கு வேறு. தை, மாசியில் மழை கிடையாது, முன்னால் முழுக் கோடை இருக்கிறது, பூஞ்சை பிடிப்பதற்குள் மேற்பரப்பு உலர்ந்துவிடும். மாமரத்துக்கு இது ரொம்ப முக்கியம். மழைநாளில் வெட்டிப் போட்ட மாங்கட்டை சில நாளிலேயே நீலம் பாரித்துவிடும். வெட்டிய கட்டையைத் தோப்பிலேயே போட்டுவைக்கக் கூடாது, உடனே அறுவை மில்லுக்கு ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன் இரண்டு வெட்டு முனைகளிலும் கெட்டியாகப் பெயின்ட் அடித்துவிட்டேன், வீட்டில் மிச்சமிருந்த எனாமல்தான். மரத்தின் நீர் பக்கவாட்டில் போவதைவிட முனை வழியாகப் பல மடங்கு வேகமாகப் போகும். முனை சீக்கிரம் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் இருக்கிற பகுதி சுருங்க மறுக்க, இரண்டுக்கும் நடுவில் முனை வெடிக்கிறது. பெயின்ட் அடிக்காமல் விட்ட ஒரு வாகைக் கட்டை, சோதனைக்காகவே விட்டேன், ஆடிக்காற்று முடிவதற்குள் ஒரு முழத்துக்கு வெடித்துவிட்டது.

மில்லில் அளவு எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டையின் நடுச் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். 4 அடி சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள கட்டை என்றால் 10 கன அடி. உருளைக்கு உரிய உண்மையான கன அளவு கிட்டத்தட்ட 12.7 கன அடி. அந்த வித்தியாசம் பட்டைக்கும் அறுவைச் சேதத்துக்கும் என்று பழைய காலத்திலிருந்து விட்டுக்கொடுத்து வருவது. மரம் வாங்குகிறவருக்கு லாபம், விற்கிறவருக்கு நஷ்டம், அறுவைக்கூலி கொடுக்கிறவர் எந்த அளவுக்குக் கொடுக்கிறோம் என்று முன்னாலேயே பேசிக்கொள்ள வேண்டும். வரப்பு மரங்களில் முள்கம்பியும் ஆணியும் உள்ளே புதைந்து கிடக்கும். ஆணிக்குப் பக்கத்தில் மரம் நீலக்கறுப்பாக இருக்கும், இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்த கறை அது. அதில் பட்டு மில்லின் பட்டை ரம்பத்து (பேண்ட் சா) பிளேடு போனால் அந்தக் காசு நம் தலையில்தான் விழும்.

எப்படி அறுக்கச் சொல்வது என்பதற்கு மில்லில் கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. அவர்கள் வழக்கம் கட்டையை ஒரே திசையில் ரொட்டி மாதிரி சீவித்தள்ளுவது, சேதம் குறைவு, வேகமும் கூட. மேசைப் பலகைக்கு அது போதும். தரைக்கு மட்டும் கட்டையை நாலாகப் பிளந்து, மரத்தின் வளர்ச்சி வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்து வாங்கினேன். காரணம், மரம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்காது. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஒரு பங்கு சுருங்கினால், வளையத்தை ஒட்டிய திசையில் ஏறக்குறைய இரண்டு பங்கு சுருங்கும். சாதாரணமாக அறுத்த பலகை பட்டைப் பக்கம் குழிவதற்கும் இதுதான் காரணம். நடுமையம் வருகிற பலகையை ஒதுக்கிவிடுங்கள், அது வெடிக்காமல் இருக்கவே இருக்காது. கனம், இழைத்து முடித்தபின் வேண்டிய அளவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 20 மி.மீ. தரைப்பலகைக்கு 28 மி.மீ. அறுத்தேன், 25 மி.மீ. மேசைப்பலகைக்கு 35.

அறுத்துக் கொண்டுவந்த அன்றைக்கே வண்டுக்கு மருந்து. போராக்ஸும் போரிக் அமிலமும் ஒன்றரைக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்து, வெந்நீரில் கரைத்து, நூறு பங்கு கரைசலில் ஐந்து பங்கு மருந்து இருக்கும்படி செய்துகொண்டேன். தகரத்தில் செய்த நீளத்தொட்டியில் பலகைகளை முக்கி எடுத்து, ஈரத்தோடேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் சுற்றிச் சில வாரம் விட்டேன். இந்த மருந்து நீரில் கரைந்து நகர்கிற மருந்து, பலகைக்குள் ஈரம் இருக்கும்போதுதான் உள்ளே ஊடுருவும். காய்ந்த பலகையில் தடவினால் மேல்தோலோடு நின்றுவிடும். அதனால்தான் பச்சையாக இருக்கும்போதே செய்ய வேண்டும், பிறகு செய்யலாம் என்று தள்ளிவைக்க முடியாது. மழையில் நனைகிற இடத்துக்கு இது ஆகாது, கரைந்து வெளியே போய்விடும். வீட்டுக்குள் வைக்கிற மாமரத்துக்கும் வாகையின் வெள்ளைப்பகுதிக்கும் இதைவிட மலிவான, ஆபத்துக் குறைந்த மருந்து எனக்குத் தெரியவில்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளையும் ஆடுமாட்டையும் தொட்டிப் பக்கம் விடாதீர்கள்.

அப்புறம் அடுக்கல். மாட்டுக்கொட்டகை ஓரம், மேலே ஓடு, பக்கங்கள் திறந்தவை, காற்று தென்மேற்கிலிருந்து வந்து அடுக்கின் குறுக்கே போகிற மாதிரி. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு ஹாலோ பிளாக், அதன்மேல் மட்டம் பார்த்துச் சட்டங்கள். இந்த மட்டம் பார்ப்பதில் சோம்பல் படக்கூடாது, அடித்தளம் கோணினால் அந்தக் கோணல் அப்படியே பலகையில் இறங்கிக் காய்ந்துவிடும், பிறகு எந்த இழைப்புளியும் உதவாது. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் ஒரு அங்குல ரீப்பர் (மெல்லிய மரக்குச்சி), ஒன்றரை அடிக்கு ஒன்று, கீழிருந்து மேல் வரை ஒரே நேர்கோட்டில். ரீப்பர் காய்ந்த மரமாக இருக்க வேண்டும், பச்சை ரீப்பர் வைத்தால் அந்த இடத்தில் பட்டையாகக் கறை விழும். மேலே பாரம் ஏற்றினால் பலகை முறுக்கிக்கொள்ளாது. பாரத்துக்கு நம் ஊரில் பஞ்சமா, கிரானைட் பட்டறைக் கழிவுத் துண்டுகளை டிராக்டரில் அள்ளி வந்து அடுக்கிவிட்டேன்.

ஆடிக்காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆனி, ஆடியில் மழை பேருக்குத்தான், காற்று மட்டும் ஓயாது. காற்று அதிகமென்றால் மரம் நன்றாகக் காயும் என்று தோன்றும். முதல் சில வாரங்களில் அதுவே எதிரி. மேல்தோல் வேகமாகக் காய்ந்து இறுகிவிட, உள்ளே நீர் அடைபட்டுக்கொள்ள, முகமெல்லாம் மயிரிழை வெடிப்பு விழும். அடுக்கைச் சுற்றி நர்சரியில் கட்டுகிற பச்சை நிழல்வலையை இரண்டு மடிப்பாகக் கட்டினேன், காற்று புகும் ஆனால் அறையாது.

சரி, எப்போது காய்ந்தது என்று எப்படித் தெரியும்? ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்று ஒரு வாய்ப்பாடு உலவுகிறது. நம் வெயிலுக்கு அது பொருந்தாது, மாம்பலகைக்கும் புளிக்கும் ஒரே கணக்கு என்பதும் பொருந்தாது. ஆசாரி விரல் முட்டியால் தட்டிச் சத்தம் கேட்டுச் சொல்வார், பச்சையா காய்ந்ததா என்று சொல்ல அது போதும், ஈரம் 18 சதவீதமா 11 சதவீதமா என்று பிரிக்க அதனால் முடியாது. மேசைக்கும் தரைக்கும் அந்த வித்தியாசம்தான் எல்லாமும். நான் நம்புவது தராசை.

மரத்துக்குள் நீர் இரண்டு விதமாக இருக்கிறது. செல்களின் குழிக்குள் சும்மா நிற்கிற நீர் ஒன்று, செல் சுவரிலேயே ஊறிப்போன நீர் இன்னொன்று. குழியில் இருக்கிற நீர் போகும்போது எடை மட்டும் குறையும், மரம் சுருங்காது. அது முழுக்கப் போனபின், கிட்டத்தட்ட 28 முதல் 30 சதவீதத்தில், சுவரில் ஊறிய நீர் கிளம்ப ஆரம்பிக்கும், அங்கேதான் சுருங்கல், கோணல், வெடிப்பு எல்லாம் தொடங்கும். சதவீதம் என்பது காய்ந்த மரத்தின் எடையில் நீர் எத்தனை பங்கு என்பது, அதனால் பச்சை மரத்தில் நூறைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை.

செய்முறை இது. அடுக்கில் நடுவில் வைக்கப்போகிற ஒரு பலகையை மாதிரியாக எடுத்துக்கொண்டு, முனையிலிருந்து ஓரடி தள்ளி ஒரு அங்குல அகலத்துக்குக் குறுக்கே ஒரு துண்டு அறுத்தேன். சமையலறை மின்தராசில் உடனே எடை பார்த்தேன், 412 கிராம். கேக் செய்கிற மின்அடுப்பில் 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, எடை இனிக் குறையவே குறையாது என்கிற வரைக்கும் காயவைத்தேன், 268 கிராமில் நின்றது. போன நீர் 144 கிராம், அதை 268-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 54 சதவீதம். இப்போது அந்த மாதிரிப் பலகையின் எடை 9.2 கிலோ என்றால், அதில் சுத்தமான மரம் 9.2-ஐ 1.54-ஆல் வகுத்தால் வருவது, ஏறத்தாழ 6 கிலோ. 11 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் பலகை 6.66 கிலோவுக்கு இறங்க வேண்டும். பலகையின் மேலேயே அந்த எண்ணைப் பென்சிலில் எழுதி, வெட்டிய முனைக்குப் பெயின்ட் அடித்து, எளிதாக உருவி எடுக்கிற மாதிரி அடுக்கில் சொருகிவிட்டேன். அப்புறம் வாரம் ஒருமுறை உருவி எடை போட்டுத் தேதியோடு எழுதிவைப்பதுதான் வேலை. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு மாதிரிப் பலகை தனியாக வேண்டும், வாகையும் மாமரமும் ஒரே வேகத்தில் இறங்காது.

ஊசி குத்திப் பார்க்கிற ஈரமானி ஆன்லைனில் கிடைக்கிறது, என்னிடமும் ஒன்று இருக்கிறது, 30 சதவீதத்துக்கு மேல் அது சொல்வதை நம்ப வேண்டாம். கீழே வந்தபின் பலகைக்குப் பலகை ஒப்பிட உதவும். போராக்ஸ் போட்ட மரத்தில் உப்பின் காரணமாகக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓசூரில் ஒரு மரக்கடைக்குப் போனேன், சூளையில் வைத்துக் காயவைத்த மரம் என்று அடித்துச் சொன்னார்கள். மூலையில் ஒரு சட்டத்தை வெட்டிக் காட்டச் சொல்லி, புது வெட்டு முகத்தில் ஊசியைக் குத்தினால் 19. வெளியே குத்தினால் 12-தான் காட்டும், கடைக்காரரும் வெளியேதான் குத்திக் காட்டினார். மரம் வாங்குகிறவர்கள் புது வெட்டில் குத்திப் பார்க்கட்டும்.

11 சதவீதம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், மரம் சுற்றியுள்ள காற்றோடு ஒத்துப்போகிற ஈரத்தில்தான் போய் நிற்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் மரம் 12-க்குப் பக்கத்தில் நிற்கும், 40 என்றால் 8-க்குக் கீழே, 80 என்றால் 16 வரை. பங்குனி, சித்திரையில் நம் பக்கத்து மத்தியான வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவில் வீட்டுக்குள் இருக்கிற மரம் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும், அதன் நடுவில் ஒரு புள்ளியைப் பிடித்தால் இரண்டு பக்கமும் சேதம் குறைவு. எந்தப் பகுதிக்கு எவ்வளவு ஈரம் வரை இருக்கலாம் என்று ஐ.எஸ். 287 என்ற இந்தியத் தரநிலை நாட்டை மண்டலங்களாகப் பிரித்துச் சொல்கிறது. ஏசி ஓடுகிற அறைக்கு இன்னும் ஒன்றிரண்டு குறைவாக இறக்குவது நல்லது.

கொட்டகை நிழலில் மரம் 16, 17 வரை தானாக இறங்கியது, அதற்குக் கீழே நகர மறுத்தது, மழை வந்தால் திரும்ப ஏறவும் செய்தது. கடைசிப் படிக்கு வெயில் சூளை கட்டினேன். பெரிய சங்கதி ஒன்றுமில்லை, ஒரு பாலித்தீன் அறை. ஓசூர், தளி பக்கம் ரோஜா வளர்க்கிற பசுமைக்குடில்களில் பழைய ஷீட்டைக் கழற்றிப் புதிது மாற்றுவார்கள், கழற்றியதில் நல்ல பாகமாகப் பார்த்து வாங்கிவந்தேன். சவுக்குக் கம்பில் கூடு, மூன்று பக்கமும் கூரையும் ஷீட், வடக்குச் சுவர் மட்டும் தகரம், உள்முகத்துக்குக் கறுப்புப் பெயின்ட். கூரைக்குக் கீழே இன்னொரு கறுப்புத் தகரம் பரப்பி, அதற்கும் கூரைக்கும் நடுவில் சூடாகிற காற்றை இரண்டு சின்ன மின்விசிறி அடுக்குக்குள் தள்ளும். வெளிநாட்டு வரைபடங்களில் கூரையைச் செங்குத்தாகச் சாய்த்திருப்பார்கள், அதைப் பார்த்து அப்படியே கட்டாதீர்கள். அவர்கள் 35, 40 டிகிரி அட்சரேகையில் இருக்கிறார்கள், நாம் பன்னிரண்டரை டிகிரியில். தெற்குப் பார்த்து லேசான சாய்வு போதும், மழைநீர் வழிந்தால் சரி.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ராத்திரி. பகலில் சூடேறி மேல்தோல் காய்கிறது. இரவில் விசிறி நின்று, சூடு இறங்கி, உள்காற்றின் ஈரம் ஏறும்போது மேல்தோல் கொஞ்சம் நீரைத் திரும்ப வாங்கி இளகுகிறது, உள்ளிருக்கும் ஈரமும் வெளியே நகர நேரம் கிடைக்கிறது. அவசரமாகச் சூடேற்றுகிற சூளையில் நடப்பதுபோல வெளி இறுகி உள் இழுத்துக்கொண்டு நிற்கிற நிலை இதில் அவ்வளவாக வருவதில்லை. அப்படி இறுகிய பலகையை நீளவாக்கில் அறுத்தால் ரம்பத்தை அப்படியே கவ்விப் பிடிக்கும், கையை ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ள வேண்டிய வேலை அது. காற்றுப்போக்கியை முதலில் விரல்கடை அளவுக்குத்தான் திறந்து வைத்தேன், எடை சீராக இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். உள்ளே மதியம் கை வைக்க முடியாத சூடு, அந்தச் சூட்டில் வண்டின் முட்டையும் பிழைப்பது கஷ்டம்.

மாதிரிப் பலகை குறித்த எண்ணுக்கு வந்து நின்றபின், அத்தனையையும் மச்சு அறைக்கே கொண்டுபோய் ரீப்பர் வைத்து அடுக்கி, சன்னலைத் திறந்துவிட்டு, சில வாரம் சும்மா விட்டேன். அந்த அறையின் காற்றோடு பழகட்டும் என்றுதான்.

தரையைப் பற்றி. உத்திரங்களின் குறுக்கே 40 செ.மீ. இடைவெளியில் சட்டங்கள், அதன்மேல் 9 செ.மீ. அகலப் பலகைகள், ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற நாக்கு, ஒரு பக்கம் அடுத்த பலகையின் நாக்கு நுழைகிற காடி. அகலம் ஏன் இவ்வளவு குறைவு என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள், ஒரு அடிப் பலகை கம்பீரமாக இருக்குமே என்றார்கள். கணக்கு போட்டால் தெரியும். தேக்கையே எடுத்துக்கொள்வோம், சாதாரணமாக அறுத்த தேக்குப் பலகை ஈரம் ஒரு சதவீதம் மாறினால் அகலத்தில் கிட்டத்தட்ட 0.19 சதவீதம் மாறும். வருடத்துக்குள் 4 சதவீத ஏற்ற இறக்கம் என்றால், 9 செ.மீ. பலகைக்கு முக்கால் மி.மீ.க்குள் அடங்கும், ஒரு அடிப் பலகைக்கு இரண்டேகால் மி.மீ. வரும். கோடையில் பலகைகளுக்கு இடையே தெரிகிற இடைவெளி அதுதான். மூன்று மீட்டர் அகல அறை முழுக்கக் கூட்டினால் 22 மி.மீ. வளையம் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகையில் இது 12-க்கு இறங்கிவிடும். மில்லில் நின்று வாதாடியது இந்தப் பத்து மில்லிமீட்டருக்காகத்தான். வாகைக்குத் தேக்கைவிடக் கூடுதலாகவே வைத்துக்கொண்டு, நான்கு சுவரோரமும் ஒன்றரை செ.மீ. காலி விட்டு, அதை ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைத்தேன். ஸ்கர்ட்டிங்கைச் சுவரில்தான் அடிக்க வேண்டும், தரையில் அல்ல. ஆணி நாக்கின் மூலையில் சாய்வாக இறங்கும், அடுத்த பலகையின் காடி அதை மூடிவிடும். வாகையில் முன்துளை போடாமல் ஆணி அடித்தால் நாக்கு பிளக்கும். பலகைக்கும் பலகைக்கும் பசை வேண்டவே வேண்டாம், ஒவ்வொன்றும் தனித்தனியாக மூச்சுவிடட்டும்.

கீழ்த்தளத்தில் கான்கிரீட்டின்மேல் போட நினைக்கிறவர்களுக்கு: ஒரு பாலித்தீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் ஒருநாள் முழுக்க விட்டுப் பாருங்கள், அடியில் நீர்முத்து கட்டினாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ தரை இன்னும் ஈரம், மரம் போடும் பேச்சே வேண்டாம். காய்ந்திருந்தாலும் அடியில் கனமான பாலித்தீன் விரிப்பு வேண்டும், கரையானுக்கு மண்ணிலேயே மருந்தும் வேண்டும்.

மேசைக்கும் இதே கணக்குத்தான். 90 செ.மீ. அகல மேற்பலகை வருடத்துக்குள் ஆறேழு மி.மீ. விரிந்து சுருங்கும். அதைக் கீழ்ச் சட்டத்தில் நாலு பக்கமும் இறுக்கி ஸ்குரு போட்டால் ஒரு சித்திரையில் நடுவில் பிளக்கும், நல்ல மரம் கெட்ட மரம் என்ற பேதமே கிடையாது. சட்டத்தின் உள்முகத்தில் காடி எடுத்து, அதில் நழுவுகிற எல் வடிவ மரத்துண்டுகளை மேற்பலகையில் ஸ்குரு போட்டேன். பலகை நகரும், மேசை ஆடாது. கால்களுக்குக் கழுந்தும் அது நுழைகிற துளையும், ஃபெவிகாலோடு புளிய முளைக்குச்சி. ஆசாரிக்கு இந்த நழுவல் ஏற்பாட்டில் முதலில் நம்பிக்கை வரவில்லை, "ஆடற மேசைக்கு எதுக்குங்க இத்தனை வேலை" என்றார். இப்போது அவர் வேறு ஒரு வீட்டில் அதையே செய்துகொடுத்திருக்கிறார்.

பாலிஷ். உப்புத்தாள் 80, 120, 180 என்று ஏறி, கடைசிக்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால் படுத்திருக்கும் நார் எழுந்துகொள்ளும், காய்ந்தபின் அதை லேசாகத் தேய்த்துவிட வேண்டும். தரையை 120-க்குமேல் தேய்க்கவில்லை, வழுவழுப்பாக்கினால் எண்ணெய் இறங்காது, வெறுங்காலுக்கு வழுக்கவும் செய்யும்.

அலமாரிக்கு அரக்கு. ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை மெல்லிய துணியில் கட்டி, நம் ஆசாரிமார் தலைமுறையாகச் செய்கிற அதே பிரெஞ்சு பாலிஷ். வேம்பின் செம்மையை அரக்கு தூக்கிக் காட்டுகிற அளவுக்கு வேறு எதுவும் காட்டாது. கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் திரும்பப் பூசலாம். சாப்பாட்டு மேசைக்கு மட்டும் அரக்கு ஆகாது, சூடான காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும்.

மேசைக்கும் தரைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். முதல் கை டர்பன்டைன் பாதி கலந்து, அடுத்தடுத்த கைகள் அப்படியே. தடவி இருபது நிமிடம் விட்டு, மரம் குடிக்காத எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும், இதைச் செய்யாதவர்கள் வீட்டில்தான் தரை பிசுபிசுக்கும். ஒரு கைக்கும் இன்னொரு கைக்கும் நடுவில் நன்றாகக் காயவிட வேண்டும். மாமரத்தின் துளைகள் பெரியவை, இரண்டாவது கையின்போது ஈரமாக இருக்கும்போதே 220 உப்புத்தாளால் தேய்த்தால் மரத்தூளும் எண்ணெயும் கலந்த விழுது துளைகளை அடைத்துவிடும், தனியாக ஃபில்லர் வாங்க வேண்டாம். மேற்பலகையின் அடிப்பக்கத்துக்கும் அதே எத்தனை கையோ அத்தனை பூச வேண்டும், ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் மறுபக்கம் மட்டும் ஈரம் வாங்கிப் பலகை வளையும். பியூ (பாலியூரித்தேன் வார்னிஷ்) அடித்தால் பளபளப்பும் உழைப்பும் அதிகம்தான், ஆனால் அது தேய்ந்தால் அறை முழுக்கச் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். எண்ணெய்த் தரையில் தேய்ந்த இடத்துக்கு மட்டும் ஒரு கை போட்டால் முடிந்தது. தரைச் சட்டங்களுக்கும் பலகைகளின் அடிமுகத்துக்கும் முந்திரிக்கொட்டையின் ஓட்டு எண்ணெய் அடித்தேன், கறுப்பாக இருக்கும், பூச்சியை அண்டவிடாது, ஆனால் தோலில் பட்டால் கொப்புளம் போட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் யாரும் தாண்டிப் போய்விட வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே தீப்பிடிக்கும். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு வெளிவருகிறது, சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகிறது. மரத்தூள் கிடக்கிற பட்டறையில் இதைவிட ஆபத்து வேறில்லை. துணியை விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கிவிட்டு அப்புறம் வீசுங்கள்.

இப்போது வைகாசியில் பலகைகளுக்கு இடையே விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடைவெளி தெரிகிறது, கார்த்திகையில் அது மூடிக்கொள்கிறது. படிக்கட்டு ஏறி வருகிற இடத்தில் மட்டும் எண்ணெய் மங்கியிருக்கிறது, மழை ஓய்ந்தபின் அங்கே ஒரு கை போட வேண்டும். புளியங்கிளையின் அடிப்பகுதியில் மூன்று அங்குலக் கனத்தில் அறுத்த இரண்டு பலகைகள் இன்னும் கொட்டகையில் கிடக்கின்றன, கடைசியாகத் தராசில் வைத்தபோது 21 சதவீதம். வெயில் சூளைக்குள் இப்போது தள்ளினால் வெடிக்கும், இன்னொரு கோடை நிழலில் கிடக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.